சர்க்கரை ஆலையில் ஒரு ராக் கச்சேரி

நான் நேரில் பார்த்த ராக் கச்சேரி ஒன்றே ஒன்று. அது சாயங்காலம் நாலு மணிக்கு ஆரம்பித்து ஆறு மணிக்குள் முடிந்துவிட்டது. கரும்பு ஏற்றும் டிரெய்லர்கள் இரண்டைச் சேர்த்து நிறுத்தி, மேலே பலகை அடித்து மேடை ஆக்கியிருந்தார்கள். கேட்க வந்தவர்கள் பெரும்பாலும் கரும்பு விவசாயிகள்.

போன மாதம் என் மகன் பெங்களூரில் ஒரு கச்சேரிக்குப் போய்வந்தான். மணிக்கட்டில் அவர்கள் கட்டிவிட்ட பட்டையைக் கழற்றாமல் நாலு நாள் திரிந்தான். "நானும் போயிருக்கேன்டா" என்றேன். சிரித்தான். அவனுக்கு உட்கார்ந்து விளக்க எனக்குப் பொறுமை இல்லை. என் வயதுக்காரர்கள் நீங்கள் சிரிக்கமாட்டீர்கள் என்று நம்பி எழுதுகிறேன். ஊரில் முதல் டிவி எந்த வீட்டுக்கு வந்தது என்பதும், அந்த வீட்டு ஜன்னல் கம்பியில் முகம் வைத்துப் பார்த்தபோது மூக்கில் ஏறிய துரு வாசனையும் உங்களுக்கு இன்னும் மறந்திருக்காது.

எனக்கு அப்போது பதினோரு வயது. எங்கள் ஊர் சின்னசேலத்துக்கும் கள்ளக்குறிச்சிக்கும் நடுவில். வீட்டில் அப்பா, அம்மா, நான், பிறகு அப்பாவின் தங்கை. அப்பாவைப் பெற்றவர்கள் இருவரும் நான் பிறப்பதற்கு முன்பே போய்விட்டார்கள். அத்தையை வளர்த்தது அப்பாதான். அவளுக்கு இருபது வயது. பிளஸ் டூ முடித்துவிட்டு கள்ளக்குறிச்சிக்கு பஸ்ஸில் போய் டைப்ரைட்டிங் கற்றுக்கொண்டிருந்தாள்.

அத்தைக்கு ஒரு பைத்தியம் இருந்தது. ரேடியோவில் சிற்றலை முள்ளைத் திருப்பித் திருப்பி ஏதாவது ஒரு வெளிநாட்டு ஸ்டேஷனைப் பிடிப்பாள். அதில் ஆங்கிலப் பாட்டு வரும். ரேடியோவிலிருந்து ஒரு செம்புக் கம்பியை இழுத்து முருங்கை மரத்தில் கட்டியிருந்தாள். அப்படியும் சரியாக எடுக்காவிட்டால் கம்பியின் நுனியை என் கையில் கொடுத்து துணி துவைக்கும் கல்லின் மேல் நிற்கச் சொல்வாள். நான் அசைந்தால் பாட்டு போய்விடும். பாட்டு என் உடம்பு வழியாகத்தான் வருகிறது என்று நெடுநாள் நம்பியிருந்தேன். கால் மரத்துப் போகும், எறும்பு ஏறும், அசையமாட்டேன்.

பாட்டின் வார்த்தைகள் அவளுக்கும் புரியாது. அதைப் பற்றி அவள் கவலைப்பட்டதில்லை. டிரம்ஸுக்கு இடி என்று பேர் வைத்திருந்தாள். அடியில் ஓடும் தடித்த சத்தத்துக்கு உறுமல். கிடாருக்குக் கம்பி. "இப்ப பாட்ட நிறுத்திட்டு கம்பி தனியா வரும் பாரு" என்பாள். சொன்னபடியே வரும். அது மேலே ஏறி ஏறி ஓரிடத்தில் நின்று அழும்போது அத்தை பற்களைக் கடித்துக்கொள்வாள். புளிப்பு மாங்காய் தின்பவள் போல இருக்கும் அந்த முகம்.

"பல்லு வலிக்காரன் கத்தற மாதிரி கத்தறான். இத்தப் போயி கேட்டுக்கினு" என்று அம்மா உள்ளேயிருந்து சொல்வாள்.

"நீ ஒரு தரம் ஒழுங்கா கேளு அண்ணி."

"அடுப்புல சோறு இருக்குது."

அந்த வருடம் முழுப் பரீட்சை முடிந்த வாரம் ஆலையிலிருந்து மஞ்சள் அட்டையில் ஒரு அழைப்பு வந்தது. கல்வராயன் மலை அடிவாரத்தில் இருந்த சர்க்கரை ஆலைக்கு அப்பா கரும்பு அனுப்பிக்கொண்டிருந்தார். ஆலையின் ஆண்டு விழாவுக்குக் கரும்புக்காரர்களைக் குடும்பத்தோடு கூப்பிட்டிருந்தார்கள். கடவுள் வாழ்த்து, வரவேற்புரை, ஏழெட்டுப் பேருடைய பேச்சு, மதியச் சாப்பாடு. கடைசி வரியில் 'மேற்கத்திய இசை நிகழ்ச்சி' என்று போட்டிருந்தது. ஆலையின் தலைமை இன்ஜினியருடைய மகன் சென்னையில் படித்துக்கொண்டிருந்தான். அவனும் சிநேகிதர்களும் சேர்ந்து நடத்துகிற குழு அது. மகனைக் காட்ட இன்ஜினியருக்கு ஆசை, அவ்வளவுதான் இருக்கும்.

அத்தை அந்தக் கடைசி வரியை எத்தனை முறை படித்தாள் என்று தெரியாது. அட்டையில் அந்த இடம் மட்டும் அழுக்காகிவிட்டது.

அன்றைக்கு எங்கள் கரும்புக் கொல்லைக்குத் தண்ணீர் பாய்ச்சும் முறை. அப்பாவால் வர முடியவில்லை. பக்கத்து வீட்டுப் பெரியம்மாவைத் துணைக்குச் சேர்த்து அத்தையையும் என்னையும் அனுப்பிவைத்தார். "சாப்ட்டுட்டு இருட்டறதுக்குள்ள வந்துடுங்க" என்று மட்டும் சொன்னார்.

ஆலை ஓடிக்கொண்டிருந்தது. வெல்லமும் அழுகின பழமும் கலந்த மாதிரி ஒரு வாசனை, பஸ்ஸை விட்டு இறங்கும் முன்பே வந்துவிட்டது. சக்கை எரிந்த சாம்பல் கறுப்புத் தூளாக வானத்திலிருந்து இறங்கிக்கொண்டே இருந்தது. பெரியம்மா அதைத் தட்டத் தட்ட அவளுடைய வெள்ளைப் புடவை கோடு கோடாக ஆனது. பேச்சுகளை நான் கேட்கவில்லை. சாப்பாட்டில் இரண்டு ஜாங்கிரி போட்டார்கள்.

மூன்று மணிக்கு மேல் ஒரு வேன் வந்தது. நாலு பையன்கள் இறங்கினார்கள். தலைமுடி தோள்வரை இருந்தது ஒருவனுக்கு மட்டும்தான். மற்றவர்கள் வங்கிப் பரீட்சை எழுத வந்தவர்கள் மாதிரி இருந்தார்கள். கறுப்புப் பெட்டிகளை இறக்கி அடுக்கினார்கள். டிரம்ஸை மாட்டும்போது அதன் தோல் மேல் சாம்பல் விழுந்தது. அடிக்கிறவன் அதைக் கையால் துடைத்துக்கொண்டே இருந்தான், பிறகு விட்டுவிட்டான்.

அதுவரை ரேடியோவில் கேட்டதை வைத்து நான் ஒரு அளவு வைத்திருந்தேன். முதல் அடியிலேயே அது போய்விட்டது. சத்தம் காதுக்கு வரவில்லை, நெஞ்செலும்புக்கு வந்தது. நான் உட்கார்ந்திருந்த இரும்பு நாற்காலி தொடைக்கு அடியில் அதிர்ந்தது. முன்வரிசை மேசையில் பெரிய மனிதர்களுக்கு வைத்திருந்த காலி சோடா பாட்டில்கள் ஒன்றையொன்று முட்டிக்கொண்டு மெல்ல நகர்ந்தன. ஒன்று விளிம்பு வரை போய் விழுந்தது. உடைந்த சத்தமே கேட்கவில்லை. பின்னால் ஒரு கைக்குழந்தை வாயைத் திறந்து அழுதது. அந்தச் சத்தமும் கேட்கவில்லை.

ஜனங்கள் சினிமாப் பாட்டு வரும் என்று இருந்தார்கள். இரண்டாவது பாட்டிலேயே எழுந்து போக ஆரம்பித்தார்கள். மூன்றாவதில் பெரியம்மா காதைப் பொத்திக்கொண்டு, "தலையப் பொளக்குது. நான் கேண்டீன்ல உக்காந்துக்கினு இருக்கேன்" என்று அத்தையின் காதில் கத்திவிட்டுப் போனாள். மலையிலிருந்து பலாப்பழம் இறக்கிக்கொண்டு வந்த மூன்று பெண்கள், பஸ்ஸுக்குப் போகிற வழியில் கூடையை இறக்கி வைத்துவிட்டு வேலியோரம் நின்றார்கள். அழைப்பு அட்டை இல்லாத அவர்கள் கடைசிவரை போகவில்லை.

அத்தை ஆடவில்லை, கை தட்டவில்லை. அவளுக்கு நடந்தது என்ன என்று கேட்டால், நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள் என்றுதான் சொல்வேன். எப்போதும் கொஞ்சம் கூன் போட்டு உட்காருகிறவள். கிடார்க்காரருடைய இடது கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பாடுகிறவன் பக்கம் அவள் திரும்பவே இல்லை.

ஐந்து மணி இருக்கும். ஷிப்ட் மாறும் சங்கு ஊதியது. ஆலைச் சங்கென்றால் நாலு ஊருக்குக் கேட்கும். பாடுகிறவன் பாதியில் நிறுத்திவிட்டுச் சிரித்தான். இடி நின்றது. ஆனால் கிடார்க்காரர் நிறுத்தவில்லை. தலையைச் சாய்த்துச் சங்கைக் கேட்டார். ஒரு கம்பியை அழுத்தி மேலே தள்ளிக்கொண்டே போனார். சத்தம் ஏறி ஏறிச் சங்கின் சத்தத்தோடு போய் ஒட்டிக்கொண்டது. எது சங்கு, எது கிடார் என்று பிரிக்க முடியவில்லை. சங்கு இறங்கியபோது கூடவே இறங்கினார். போய்க்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். ஷிப்ட் முடிந்து வந்த தொழிலாளிகள் விசில் அடித்துக் கை தட்டினார்கள். அந்த ஆலை கட்டிய நாளிலிருந்து அந்தச் சங்குக்குக் கை தட்டியது அன்றைக்குத்தான் இருக்கும். அத்தை எழுந்து நின்றுவிட்டாள்.

அப்போது கம்பி அறுந்தது. ஒரு நிமிடம் கழித்து கரண்ட்டும் போனது. ஃபியூஸ் போட ஆளைத் தேடி ஓடினார்கள்.

அத்தை என் கையைப் பிடித்துக்கொண்டு மேடைக்குப் போனாள். முதலில் சத்தம் வந்துகொண்டிருந்த கறுப்புப் பெட்டியின் மேல் உள்ளங்கையை வைத்தாள். நானும் வைத்தேன். மத்தியான வெயில் பட்ட கல் மாதிரி சுட்டது. கிடார்க்காரர் மேடை விளிம்பில் உட்கார்ந்து புதுக் கம்பி மாட்டிக்கொண்டிருந்தார். தலைமை இன்ஜினியரின் மகன் அவர்தான். இருபத்திரண்டு வயது இருக்கலாம்.

"சார், கம்பிய எப்படி அழுவ வெக்கிறீங்க?" என்று அத்தை கேட்டாள்.

அவர் நிமிர்ந்து பார்த்தார். விளையாட்டுக்குக் கேட்கவில்லை என்று தெரிந்ததும் கிடாரை அவள் பக்கம் திருப்பினார்.

"ஒன்னுமில்லீங்க. கம்பிய அழுத்திட்டு மேல தள்ளணும். இங்க வைங்க வெரல."

அத்தை ஆள்காட்டி விரலை வைத்தாள். அது தப்பான இடம். அவர் அவளுடைய மோதிர விரலைப் பிடித்துச் சரியான இடத்தில் வைத்தார்.

"அழுத்துங்க. இன்னும்."

"வலிக்குது சார்."

"வலிக்கும். ரெண்டு மாசம் போனா தோல் காச்சிடும். தள்ளுங்க இப்ப."

கரண்ட் இல்லாததால் ஈ பறக்கிற அளவுக்குத்தான் சத்தம் வந்தது. மூன்று முறை தள்ளினாள். மூன்றாவது முறை அது ஏறியது. எனக்கும் கேட்டது. அவர் "வந்துடுச்சி பாருங்க" என்றார். அறுந்த கம்பியைத் தூக்கிப் போடப் போனவரிடம் அத்தை அதைக் கேட்டு வாங்கிக்கொண்டாள். கேண்டீன் வாசலில் பெரியம்மா நின்றுகொண்டிருந்தாள். நான் அவளைப் பார்த்தேன், அத்தை பார்க்கவில்லை.

கரண்ட் வந்த பிறகு இன்னும் இரண்டு பாட்டு பாடினார்கள். அவை எனக்கு நினைவில்லை.

பஸ்ஸில் வரும்போது காதுக்குள் ஒரு விசில் ஓடிக்கொண்டிருந்தது. பேசுகிறவர்களின் வாய் மட்டும் அசைந்தது. அத்தை கம்பியை விரலில் சுற்றி வளையமாக்கிப் போட்டுக்கொண்டாள். வீட்டுக்கு வந்து அவளே எல்லாவற்றையும் சொன்னாள், சோற்றைப் பிசைந்தபடியே. சங்கு ஊதியது, கம்பி அறுந்தது, தானே மூன்று முறை சத்தம் எழுப்பியது எல்லாம். அப்பா சாப்பிட்டுக்கொண்டே கேட்டார். "அப்படியா" என்றார்.

மறுநாள் திங்கட்கிழமை. டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் ஒரு கடிதம் அடித்துக்கொண்டு வந்தாள். ஆங்கிலத்தில். அடித்த கடிதம் என்றால் மதிப்பு இருக்கும் என்றாள். எனக்கு வரி வரியாகத் தமிழில் அர்த்தம் சொன்னாள். ஐயா, தங்கள் குழுவின் இசையை ஞாயிற்றுக்கிழமை கேட்டேன். நான் கிடார் கற்றுக்கொள்ள விரும்புகிறேன். பெண்களுக்குச் சொல்லித் தரும் ஆசிரியர்கள் சேலத்திலோ விழுப்புரத்திலோ இருக்கிறார்களா? கம்பியைத் தள்ளும்போது சத்தம் ஏன் மேலே போகிறது? தயவுசெய்து பதில் எழுதவும். இவ்வளவுதான். இன்ஜினியர் வீட்டு விலாசத்துக்கு உறை ஒட்டி, புதன்கிழமை காலை என்னிடம் கொடுத்து தபால் பெட்டியில் போட்டு வரச் சொன்னாள்.

இதற்கிடையில் பெரியம்மா செவ்வாய்க்கிழமையே வந்து பேசிவிட்டுப் போயிருந்தாள். அவள் கெட்டவள் இல்லை. அனுப்பின பெண்ணைப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்க்கும் பொறுப்பில் ஒன்றரை மணி நேரம் கண்ணை எடுத்துவிட்டோம் என்ற பயம் அவளுக்கு. ஆண் பிள்ளை கையைப் பிடித்தான், மோதிரம் போட்டு அனுப்பியிருக்கிறான் என்று சொன்னாளாம். துணைக்கு வந்தவளுக்கு மோதிரம் தெரிந்தது, கம்பி தெரியவில்லை.

தபால் பெட்டிக்கு எங்கள் மோட்டார் கொட்டகையைத் தாண்டித்தான் போகவேண்டும். அப்பா அங்கே இருந்தார். கூப்பிட்டார்.

"ஆலையில அந்தப் பையன் அத்த கையப் புடிச்சானா?"

"புடிச்சாரு."

எந்த விரலை, எதற்கு என்று அவர் கேட்கவில்லை. கேட்காததைச் சொல்லும் பழக்கம் எங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கு இல்லை. பிறகுதான் என் கையிலிருந்த உறையைப் பார்த்தார். வாங்கி விலாசத்தைப் படித்தார். அவருக்கு எழுத்துக் கூட்டிப் படிக்கிற அளவுக்கு ஆங்கிலம் வரும்.

"இதுல இன்னா எழுதியிருக்கா, தெரியுமா உனுக்கு?"

அவர் முகம் அப்படி வெளுத்து நான் பார்த்ததில்லை. எனக்கு ஒவ்வொரு வரியும் தெரியும்.

"தெரியாதுப்பா" என்றேன்.

அவர் அதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். "அவகிட்ட ஒன்னும் சொல்லாத" என்றார். அன்று சாயங்காலம் வெந்நீர் அடுப்பில் அதைப் போட்டார். பிரிக்கவே இல்லை. அடுத்தவருக்கு எழுதியதைப் படிப்பது அசிங்கம் என்பது அவருடைய கொள்கை. பிரித்து யாரிடமாவது கொடுத்துப் படித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நான் நிறைய யோசித்திருக்கிறேன். அப்பாவுக்கு அப்போது முப்பத்துநாலு வயது. இப்போது எனக்கு இருக்கிற வயதைவிட இருபது வயது சின்னவர். தாய் தகப்பன் இல்லாத தங்கையின் பேர் கெட்டுப்போனால் ஊர் தன்னைத்தான் கேட்கும் என்று பயந்த ஒரு இளைஞர். அன்றைக்கு எனக்கு அவர் மலை மாதிரி தெரிந்தார்.

"போட்டியா?" என்று அத்தை கேட்டாள்.

"போட்டேன்."

டைப்ரைட்டிங் நின்றது. ஏன் நிற்கிறது என்று யாரும் அவளிடம் சொல்லவில்லை. கல்யாணப் பேச்சு வந்தால் பெண்கள் வெளியே போவது நிற்கும், அது வழக்கம்தான் என்று அவளும் எடுத்துக்கொண்டாள். அந்தக் கம்பி வளையத்தை அம்மா ஒருநாள் தலைக்கு எண்ணெய் தேய்க்கும் சாக்கில் கழற்றி எருக்குழியில் எறிந்துவிட்டாள். அத்தை இரண்டு நாள் தேடினாள். தபால்காரர் சைக்கிள் மணி கேட்டால் மட்டும் எழுந்து வாசலுக்குப் போவாள். ஆனி மாதம் மணலூர்பேட்டையில் கட்டிக்கொடுத்தார்கள். தாலி கட்டும் அன்று காலையிலும் மணிச் சத்தம் கேட்டுத் திரும்பிப் பார்த்தாள்.

மாப்பிள்ளை நல்ல மனிதர். இதைச் சொல்லியாக வேண்டும். பெண்ணையாற்றுப் பக்கம் நெல்லும் கரும்பும் அவர்களுக்கு. அதிகம் பேசமாட்டார். முதல் தீபாவளிக்கு அத்தைக்கு ஒரு டேப் ரிக்கார்டர் வாங்கித் தந்தார். இரண்டு பெண்கள் பிறந்தார்கள். அத்தை சிரித்துப் பேசிக்கொண்டுதான் இருந்தாள். அந்தக் கச்சேரிப் பேச்சை மட்டும் யாரும் எடுக்கவில்லை, அவளும் எடுக்கவில்லை. அந்த மௌனத்துக்கு நான் எனக்குத் தோன்றிய அர்த்தங்களை எல்லாம் கொடுத்துக்கொண்டேன். ஒரு கட்டத்தில் பெரியம்மா சொன்னதே நிஜமோ என்றுகூட நினைத்திருக்கிறேன்.

இரண்டு வருடம் முன்பு அப்பா இறந்தார். பதினாறாம் நாள் காரியம் முடிந்து எல்லாரும் கிளம்பிப் போன மத்தியானம் அத்தையும் நானும் மட்டும் இருந்தோம். அப்பாவின் சட்டைகளை மடித்துக்கொண்டிருந்தோம். அத்தைக்கு அறுபதைத் தாண்டிவிட்டது. மூட்டு வலியால் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள்.

"அத்த, அந்த லெட்டர நான் போடல" என்றேன்.

எந்த லெட்டர் என்று அவள் கேட்கவில்லை. எனக்கு முதலில் உறைத்தது அதுதான்.

"போடலன்னா?"

கொட்டகையில் நடந்ததையும் அடுப்பில் போட்டதையும் சொன்னேன்.

"அண்ணன் படிச்சிதா?"

"இல்ல. படிக்காமத்தான் கொளுத்துச்சி."

"அவங்க?"

"எவங்க?"

"ஆலையில. அவங்களும் படிக்கலியா?"

"அவங்க கைக்கே போவல அத்த."

கையிலிருந்த சட்டையை அவள் மடிக்காமல் வைத்துக்கொண்டிருந்தாள். கோபப்படுவாள் என்று காத்திருந்தேன்.

"பதிலு வரலன்னதும் நம்ம இங்கிலீஷு தப்பா பூட்சின்னு நெனச்சிக்கினேன். நாலு பேரும் சுத்தி உக்காந்து படிச்சி சிரிச்சிருப்பாங்கன்னு. அத நெனச்சாலே ஒடம்பு கூசும். உங்க மாமா ரெண்டாவது வருசமே கேட்டாரு. திருக்கோவிலூர்ல சர்ச்சுல ஒருத்தரு கிடார் கத்துக் குடுக்கறாராம், போறியான்னு. நான்தான் வாணாம்னுட்டேன்."

"மாமாகிட்ட சொல்லியிருந்தியா?"

"எல்லாம் சொன்னேனே. மொத வாரமே சொன்னேன். அதுல மறைக்க இன்னா இருக்குது?"

மாமாவுக்கு ஒரு வாரத்தில் தெரிந்தது, எங்கள் வீட்டில் நாற்பது வருடத்துக்கு மேல் யாருக்கும் தெரியவில்லை.

"அந்தக் கிடார்க்காரரு மொகம் ஞாபகம் இருக்குதா அத்த?"

"மொகமா? இல்ல. கையி ஞாபகம் இருக்குது. நாலு வெரல் நுனியும் காச்சிப்போயி மஞ்சளா இருக்கும்."

பிறகு அவள் அந்தக் கடிதத்தைச் சொன்னாள். ஆங்கிலத்தில், ஐயா என்ற விளியிலிருந்து கையெழுத்து வரை, ஒரு சொல் விடாமல். டைப் அடிக்கிறவள் போல ஒவ்வொரு சொல்லுக்கும் இடைவெளி விட்டுச் சொன்னாள். ராத்திரி பகல் என்று இல்லாமல் அதில் தப்பைத் தேடிக்கொண்டே இருந்திருக்கிறாள், எங்கே என்று கண்டுபிடிக்க முடியவில்லை.

நான் முப்பது வருடமாகப் பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறவள்.

"நீ டீச்சருதான. சொல்லு. இதுல எங்க தப்பு?"

தப்பே இல்லை என்று சொல்லியிருக்கலாம். அவளிடம் ஏற்கெனவே ஒரு பொய் சொல்லியாகிவிட்டது.

"ரெண்டு எடம் அத்த. ஆசிரியர்கள்ன்னு வர்ற எடத்துல பன்மை போடல. கத்துக்க விரும்பறேன்ற எடத்துல நடுவுல ஒரு சின்ன வார்த்த வுட்டுட்ட. அவ்ளோதான்."

"அதால அர்த்தம் புரியாம பூடுமா?"

"இல்லத்த. நல்லாப் புரியும்."

அத்தை சட்டையின் கையை நீவி, நாலாக மடித்து, அடுக்கின் மேல் வைத்தாள். அடுத்த சட்டையை எடுத்தாள்.

"அப்ப பதிலு போட்டிருப்பாரு" என்றாள்.